பொம்பளைங்க பக்கத்துக் குழாய்

அதைத் திருகிப் பிரயோஜனமில்ல தம்பி. ரெண்டு குழாயையும் நானே திருகிப் பாத்துட்டேன். ஒண்ணுல புஸ்ஸுன்னு காத்து வரும், இன்னொண்ணுல அதுவும் வராது. முன்னாடி ஆம்பளைங்க ஒளு செய்யற இடத்துல போய்ப் பாருங்க, குழாயைத் தொட்டாலே முகத்துல அடிக்குது. ஒரே டேங்க், ஒரே மோட்டார். எங்க பக்கம் வரும்போது மட்டும் தண்ணிக்கு வெக்கம் வந்துருது.

ஒளுன்னா, தொழுகைக்கு முன்னாடி கை, கால், முகம் கழுவறது. நீங்க எங்காளு இல்லைன்னு தெரியும், அதான் சொல்றேன். செருப்பை எங்க விடறதுன்னு வாசல்ல நின்னு முழிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுது. பரவாயில்ல. ஸ்பானருக்கு மதம் கிடையாது.

இல்ல, பள்ளிவாசல் கமிட்டியில யாரும் உங்களுக்கு ஃபோன் பண்ணல. நான்தான் பண்ணினேன். பண்ணினா என்ன, தண்ணி வரலைன்னா பிளம்பரைக் கூப்பிடறது தப்பா? நீங்க பைப்பைப் பாருங்க, மத்ததை நான் பேசிக்கறேன்.

அது மேல உக்காராதீங்க தம்பி. ஸ்டூல் தரேன். அந்தச் சிமெண்ட்டு மேடை துணி தொவைக்கறதுக்கு இல்ல. எங்கள்ல யாராவது இறந்துட்டா அடக்கம் பண்றதுக்கு முன்னாடி குளிப்பாட்டணும். ஆம்பளையை ஆம்பளைங்க, பொம்பளையைப் பொம்பளைங்க. இது பொம்பளைங்களைக் குளிப்பாட்டற இடம். ஏன் தள்ளிப் போறீங்க, இப்ப யாருமில்லையே. ரெண்டு நாள் சும்மா கிடந்தா உடைஞ்ச ஃபேன், பழைய கார்ப்பெட் சுருளுன்னு இதும் மேல கொண்டாந்து போட்டுடுவாங்க. காலையில நான் வந்து இழுத்து வெளியில போட்டேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

எங்க வீட்டுல நாத்தனார் ஒருத்தங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவங்க. பெரிய ஆஸ்பத்திரியில சலவைக்கூடம் இருக்குல்ல, அங்க இஸ்திரி போடற வேலை. தெருவுல இஸ்திரியக்கான்னு கேட்டாதான் வீட்டைக் காட்டுவாங்க. நாத்தனார்னதும் சிரிக்கறீங்க. எனக்கும் கல்யாணமான புதுசுல பயம்தான். ஆனா வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டு, இந்தா பாரு, என் தம்பி குறட்டை விடுவான், சமையல்ல உப்பு குறைஞ்சா மூஞ்சியைத் தூக்குவான், ரெண்டுக்கும் நான் பொறுப்பில்லன்னாங்க. அன்னிக்கோட பயம் போச்சு. புருஷன் தவறினதுக்கப்புறம் எங்களோடயே வந்துட்டாங்க. மாடி ரூம்ல ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஜன்னலோரம் குர்ஆன் வைக்கற பலகை. அவ்வளவுதான் அவங்க சாம்ராஜ்யம்.

இந்தக் குளிப்பாட்டற வேலை அவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னா, ஆஸ்பத்திரி வார்டுல ஒரு கிழவி, கேட்க நாதியில்லாம இறந்து போயிடுச்சு. உங்க ஆளுன்னு பேரைப் பாத்து யாரோ சொல்லியிருக்காங்க. இவங்க ஷிஃப்ட்டை முடிச்சுட்டு நேரா போய் அந்தக் கிழவியை இங்க கொண்டாந்துட்டாங்க. குளிப்பாட்ட வந்து நில்லுங்கன்னா தெருவுல ஒருத்தியும் வரல. எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். கடைசியில என்னை இழுத்து நிறுத்தி, நீ கையை வைக்க வேணாம், தண்ணி மட்டும் ஊத்துன்னாங்க. அன்னிலேர்ந்து ஊத்தறது நான், குளிப்பாட்டறது அவங்க.

அவங்க குளிப்பாட்டறதைப் பாத்தா உங்களுக்கே பயம் விட்டுடும் தம்பி. மேல போத்தின துணியை விலக்கவே மாட்டாங்க, அதுக்குள்ளயே கையை விட்டுத்தான் எல்லாம். தண்ணியைத் தன் முழங்கையில ஊத்திப் பாத்துட்டுதான் இறந்தவங்க மேல ஊத்தச் சொல்வாங்க, பச்சப்புள்ளைக்குப் பாக்கற மாதிரி. பேச்சு வேற குடுப்பாங்க. கொஞ்சம் திரும்பிக்கம்மா, ஆச்சு ஆச்சு, தலையை மட்டும் அலசிட்டா முடிஞ்சுதுன்னு. உயிரோட இருக்கறவங்ககிட்டகூட அவ்வளவு தன்மையா பேசமாட்டாங்க. வெளிய வந்ததும், உள்ள என்ன பாத்தோமோ அது உள்ளேயேன்னு என்னை ஒரு முறை முறைப்பாங்க. உடம்புல தழும்பு இருந்துச்சா, சூடு வெச்ச காயம் இருந்துச்சா, யார் வந்து கேட்டாலும் மூச்சு விடக்கூடாது.

என்ன, இங்க வரைக்கும் அடைப்பு இல்லையா? அப்ப எங்க இருக்கும்? பாருங்க, பாருங்க.

எப்பலேர்ந்து வரலைன்னா, முன்பக்கம் புதுசா டைல்ஸ் போட்டாங்கல்ல, அப்பலேர்ந்து. எங்க கமிட்டித் தலைவருக்கு டைல்ஸ் கடை. ஒளு செய்யற இடத்துக்கு வழவழன்னு வெள்ளைக் கல்லு போட்டுக் குடுத்தார். நல்ல விஷயம்தான், யாரு வேணாங்கறா. அந்த வேலை முடிஞ்ச வாரமே ஒரு பொண்ணு, தலைப்பிரசவம், பிள்ளை பெத்த இடத்துல போயிட்டா. பிள்ளை பொழைச்சுக்கிச்சு. இங்கதான் கொண்டாந்தாங்க. பாதி குளிப்பாட்டிக்கிட்டு இருக்கும்போதே குழாய் நின்னு போச்சு. தலையில சோப்பு நுரை அப்படியே நிக்குது. நான் வாளியைத் தூக்கிக்கிட்டுச் சந்து வழியா முன்பக்கம் ஓடறேன், மோதினார் கையைக் காட்டி நிறுத்திட்டார். மோதினார்னா பள்ளிவாசலைப் பாத்துக்கறவர். ஆம்பளைங்க ஒளு செஞ்சுக்கிட்டிருக்காங்க, தொழுகை முடியட்டும், அப்புறம் புடிச்சுக்கங்கங்கறார். காலி வாளியோட திரும்பி வந்தேன். அக்கா அந்தப் பொண்ணோட கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. கேட்டாங்க. சொன்னேன். என் கையிலேர்ந்து வாளியை வாங்கினாங்க. நனைஞ்ச துணி, முழங்கை வரைக்கும் நுரை, அப்படியே போய் ஆம்பளைங்க நடுவுல நின்னு வாளியைக் குழாய்க்கடியில வெச்சுட்டாங்க. எல்லாரும் கண்ணை எங்க வைக்கறதுன்னு தெரியாம சுவத்தைப் பாத்தாங்க. வாளி நிரம்பினதும் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க.

மறுநாள் வீட்டுக்குப் புகார் வந்துச்சு. என்ன புகார்? பொம்பளைங்க பக்கம் தண்ணி இல்லைன்னா? இல்ல தம்பி. பொம்பளை ஒருத்தி ஆம்பளைங்க பக்கம் வந்துட்டாங்கன்னு. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உங்க அக்காகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்கன்னாங்களாம். இவர் வந்து, அக்கா, கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாமேன்னார். சாப்பிட்டுக்கிட்டிருந்த தட்டை அப்படியே வெச்சுட்டு மாடிக்குப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் கமிட்டிக்கு நடையா நடந்தாங்க. கூட நானும். செயலாளர் ரொம்ப மரியாதையா பேசுவார். உக்காருங்க சகோதரின்னு நாற்காலியைத் துடைச்சுப் போடுவார். மைக் செட்டு மாத்த வேண்டியிருக்கு, அது முடியட்டும். மினாராக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கறோம், அது முடியட்டும். எல்லாம் முடிஞ்சதும், இன்ஷா அல்லாஹ் பாக்கலாம். ஆண்டவன் நாடினா நடக்கும்னு அர்த்தம் அதுக்கு. எங்க கமிட்டியில முடியாதுன்னு அர்த்தம். ஒரு தடவை அக்கா சொல்லிட்டாங்க, நீங்க செய்யாததுக்கெல்லாம் அல்லாஹ் பேரை ஏன் இழுக்கறீங்கன்னு. அவர் சிரிச்சார். நல்லா பேசறீங்க சகோதரின்னார். அதான் தம்பி எங்களுக்கு வந்த வினையே. நல்லா பேசறீங்க, நல்லா பேசறீங்கன்னு சொல்லியே எங்களை அனுப்பி வெச்சுடுவாங்க. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

பெண்கள் மாநாடுன்னு ஒண்ணு வெச்சாங்க. வாசல்ல பெரிய பேனர். முன்மாதிரிப் பெண்மணிகள். கதீஜா நாயகி, ஃபாத்திமா நாயகி, மர்யம் அம்மையார், ஆசியா அம்மையார்னு தங்க எழுத்துல பேரு. நல்லா பேசறவங்கல்ல, அக்காவுக்கும் பேச நேரம் குடுத்தாங்க. அவங்களுக்கு முன்னாடி வெளியூர்லேர்ந்து வந்த ஒரு பெரியவர், திரைக்கு அந்தப் பக்கம், ஆம்பளைங்க இருக்கற இடத்துலேர்ந்து மைக்ல பேசினார். அந்தப் பெண்மணிகளோட பொறுமை, பொறுமை, பொறுமை. வேற எதுவுமே அவங்ககிட்ட இல்லாத மாதிரி. என் பக்கத்துல உக்காந்திருந்தவ தூங்கியே போயிட்டா. எனக்கு எரிச்சலா வந்துச்சு. தூங்கறவ மேலயா, பேசறவர் மேலயான்னு சொல்லத் தெரியல.

அக்கா எழுந்து போனாங்க. ஹாஜரா அம்மையாரைப் பத்தித்தான் பேசினாங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல. இப்ராஹீம் நபியோட மனைவி. பாலைவனம், ஆளில்லாத இடம், கைப்புள்ளையோட தனியா இருக்காங்க. கொண்டுவந்த தண்ணி தீந்து போச்சு. புள்ள தாகத்துல துடிக்குது. பொறுமைன்னா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறதுன்னா, அந்தம்மா புள்ளையை மடியில வெச்சுக்கிட்டு அழுதிருக்கலாம். அழல. எழுந்து ஓடினாங்க. இந்தக் குன்னு மேல ஏறி யாராவது தெரியறாங்களான்னு பாத்தாங்க, இறங்கி ஓடி அந்தக் குன்னு மேல ஏறினாங்க. ஏழு தடவை. அப்புறம்தான் ஊத்து வந்துச்சு. இன்னிக்கும் ஹஜ்ஜுக்குப் போறவங்க, ராஜாவா இருந்தாலும் சரி, அந்தப் பொம்பளை ஓடின வழியில போயே ஆகணும். தண்ணிக்காகத் தவிச்ச ஒரு தாயோட ஓட்டத்தை அல்லாஹ் வணக்கமாவே ஆக்கிட்டான்னு சொன்னாங்க. தூங்கினவ எழுந்து உக்காந்துட்டா.

அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. அந்த ஊத்தைப் பாத்துட்டு ஒரு கூட்டம் வந்து, நாங்க இங்க தங்கிக்கலாமான்னு அந்தம்மாகிட்ட அனுமதி கேட்டாங்களாம். தங்கிக்கங்க, ஆனா தண்ணி மேல உங்களுக்கு உரிமை இல்லைன்னு சொன்னாங்களாம். ஒத்தைப் பொம்பளை, கையில குழந்தை, எதிர்ல ஒரு கூட்டமே நிக்குது. அப்படிச் சொன்னாங்க. அந்தக் கூட்டமும் ஒத்துக்கிச்சு. அக்கா அங்க ஆம்பளைங்க தண்ணிக்குப் பொம்பளைகிட்ட அனுமதி கேட்டாங்க, இங்க நாங்க உங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்கறோம்னாங்க. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினாங்க.

பேனர்ல இல்லாத ஒரு பேரையும் சொன்னாங்க. உம்மு அதிய்யா. நபிகள் நாயகத்தோட மகள் இறந்தப்போ குளிப்பாட்டினவங்கள்ல ஒருத்தங்க. எப்படிக் குளிப்பாட்டணும்னு நபிகளே வந்து அவங்களுக்குச் சொன்னாங்க. குளிப்பாட்டி முடிச்சதும் தன்னோட துணியையே குடுத்து, முதல்ல இதை என் மகள் உடம்புல சுத்துங்கன்னாங்க. அன்னிக்கு அந்தம்மா கத்துக்கிட்டுச் சொன்னதைத்தான் இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா செய்யறாங்க. அந்தம்மா பேரு எந்தப் பேனர்லயும் வராது. பிணம் குளிப்பாட்டினவங்க பேரைத் தங்க எழுத்துல எழுதினா நல்லாவா இருக்கும், அதுதான் எழுதலன்னாங்க. கடைசியா, ஆசியா அம்மையார் கொடுங்கோல் ராஜா ஃபிர்அவ்னோட பொண்டாட்டியா அவன் வீட்டுல இருந்துக்கிட்டு, எனக்குச் சொர்க்கத்துல ஒரு வீடு கட்டிக் குடுன்னு அல்லாஹ்கிட்ட கேட்டாங்க, நான் கமிட்டிகிட்ட ஒரு குழாய்தான் கேக்கறேன்னு முடிச்சுட்டாங்க.

என்ன ஆச்சா? எல்லாரும் சிரிச்சாங்க. செயலாளரே வந்து, மாஷா அல்லாஹ், கண்ணுல தண்ணி வந்துடுச்சு சகோதரின்னார். கண்ணுல வந்துச்சு, குழாய்ல வரல. கண்ணாடியில ஒரு ஷீல்டு குடுத்தாங்க. சிறந்த பேச்சாளர்னு. மாடி ரூம் கதவு காத்துல அடிச்சுக்கும், அதுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்காங்க அதை.

எனக்குக் கோபம் அக்கா மேலயும்தான் தம்பி. மறைக்கறதுக்கு என்ன இருக்கு. நெஞ்சு வலி வந்து டாக்டர் கனம் தூக்கக்கூடாதுன்னுட்டார். கேட்டாங்களா? போன வாரம்கூட ஒரு அம்மா இறந்துட்டாங்க. சந்து வழியா அக்காதான் வாளி சுமந்தாங்க. நான் தூக்கறேன், விடுங்கன்னா, நீ தூக்கினா பாதியைச் சந்துக்கே குளிப்பாட்டிடுவேங்கறாங்க. வீட்டுக்கு வந்து கத்தினேன். இந்த வயசுல உங்களுக்கு என்ன வந்துச்சு, கமிட்டிக்கே அக்கறையில்ல, விட்டுத் தொலைங்களேன்னு. நான் விட்டா நீ செய்வியான்னாங்க. நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கற கம்பெனியில துணி வெட்டறவ நான். கட்டு கட்டா அடுக்கி ஒரே இழுப்புல வெட்டுவேன், கோடு விலகாது. இந்த மேடை கிட்ட வந்தா வாளியைக்கூட ரெண்டு கையால புடிக்கறேன்.

என்ன சொல்றீங்க? லைன் அந்தப் பக்கம் போகுதா? சுவத்துக்குள்ளயா?

நில்லுங்க, நானும் வரேன். யாருமில்ல, தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கு, உள்ள வாங்க.

இதுக்குப் பின்னாடியா? இந்த வெள்ளைக் கல்லுக்குப் பின்னாடியா? நல்லாத் தட்டிப் பாருங்க. ஆமா, சத்தம் வேற மாதிரிதான் வருது. வால்வா? அப்ப பைப் உடையல, அடைப்பு இல்ல, ஒண்ணுமே இல்ல. டைல்ஸ் ஒட்டும்போது எங்க லைனை மூடியிருக்காங்க. மூடினவங்க திறக்க மறந்துட்டு, அது மேலயே கல்லை ஒட்டிட்டுப் போயிட்டாங்க. அப்படித்தானே?

இருங்க. கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேணாம். எத்தனை தடவை நடந்திருப்பாங்க தம்பி. கமிட்டிக்கு, மோதினார்கிட்ட, தலைவர் கடைக்கு. மைக்கைப் புடிச்சு ஊருக்கே சொன்னாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து சுவத்தைத் தட்டிப் பாத்திருந்தா போதும்.

சரி, உடைங்க.

அனுமதி எதுக்கு? தலைவர் போட்ட கல்லுதான், தெரியும். அவர் கடையில இதே கல்லு அடுக்கி வெச்சிருக்கும், வேற ஒட்டிக்குவார். சாயங்காலம் கேட்டுட்டு நாளைக்கு வரேன்னு சொல்லாதீங்க. நாளைக்கு எனக்குத் தண்ணி வேணாம். இன்னிக்கு, இப்ப வேணும். உங்களுக்குத் தயக்கமா இருந்தா சுத்தியலைக் குடுங்க, நான் உடைக்கறேன். அப்புறம் யாராவது கேட்டா, அந்தப் பொம்பளை கேக்கவே இல்லைன்னு சொல்லிக்கங்க, உண்மைதானே.

வாங்க மோதினார், சரியா வந்தீங்க. ஆமா, உடைக்கறோம். சத்தம் தெருவரைக்கும் கேட்டுச்சா, கேக்கட்டும். தலைவருக்கு ஃபோன் போடணுமா, போடுங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. இஸ்திரியக்காவோட தம்பி பொண்டாட்டின்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவார். இன்னிக்கு எதுக்குன்னும் சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும்ல. காலையில உங்ககிட்டதானே எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

போறார் பாருங்க. ஃபோனைக் கையில எடுத்தார், திரும்ப பையிலயே போட்டுக்கிட்டார். நீங்க அடிங்க தம்பி. இன்னும் ஒரு அடி. அந்தா, தெரியுது, பச்சைப் புடி. துருப் புடிச்சிருக்கா? மெதுவா. உடைஞ்சு கிடைஞ்சு போயிடப் போகுது. அப்படித்தான்.

சத்தம் கேக்குதா? எங்க பக்கம். அந்தக் குழாயை நான் மூடவே இல்ல, திறந்தபடி விட்டுட்டு வந்தேன். வாங்க, வாங்க.

செம்மண் கலர்ல வருது. பரவாயில்ல, ஓடட்டும். இவ்வளவு நாள் அடைஞ்சு கிடந்ததுல்ல. தெளியற வரைக்கும் மூடாதீங்க. அந்த இன்னொரு குழாயையும் திறந்து விடுங்க. நல்ல வேகம் தம்பி. நீங்க கையைக் கழுவிக்கங்க, முதல்ல நீங்களே கழுவுங்க.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணுல சிமெண்ட்டுத் தூசி.

சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டு இந்தச் சந்து வழியா போயிடுங்க, இனிமே பொம்பளைங்க வர ஆரம்பிச்சுடுவாங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். அதுக்குள்ள குளிப்பாட்டி முடிக்கணும். ஆஸ்பத்திரியில வண்டி கிளம்பிடுச்சுன்னு எங்க வீட்டுக்காரர் ஃபோன் பண்ணிட்டார். இன்னிக்கு ஊத்தறதுக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். கையை வைக்கறது நான்தான்.

யாருக்குன்னு கேக்கறீங்களா? அவங்களுக்குத்தான் தம்பி. காலையில வேலைக்குக் கிளம்பி, வாசப்படியில உக்காந்து செருப்பை மாட்டிக்கிட்டிருந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க. இவ்வளவு நேரமா வேற யாரைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.

அந்த வாளியை இப்படிக் கொஞ்சம் தள்ளிட்டுப் போங்க. நிரம்பட்டும்.